நுவரெலியா–மஸ்கெலியா: மூன்று வாக்குகளின் கணக்கு

வாக்காளர் இடாப்புத் திருத்தத்திற்கான இறுதி நாள் அண்மித்துவரும் இவ்வேளையில், ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நானுஓயா முதலிய இடங்களிலிருந்து எமக்கு வந்து சேர்ந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே ஐயத்தையே வெவ்வேறு சொற்களில் எழுப்புகின்றன. 1977ஆம் ஆண்டில் எங்கள் பெற்றோர் ஆளுக்கு மூன்று வாக்கு அளித்ததாகச் சொல்கிறார்களே, இன்று நாம் அளிக்கும் மூன்று விருப்பு வாக்கும் அதுதானா என்பதே அவ்வையம். அதுவன்று. இரண்டிலும் மூன்று என்ற எண் ஒன்றாயிருப்பதைத் தவிர வேறு ஒற்றுமை யாதுமில்லை. ஆயினும் அந்த வேற்றுமையை உணர்வதற்கு இத்தொகுதியின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா என, இன்றைய நுவரெலியா–மஸ்கெலியாவைச் சூழ்ந்த மலைகளிலிருந்து மட்டும் நால்வர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் பிரஜைகளல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கும் தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறின. புதிதாகச் சுதந்திரம் பெற்ற தேசமொன்று தன் பிரஜைகள் யாவர் என்று வரையறுத்துக்கொள்வது இயல்பே என அன்றைய அரசாங்கம் கூறியது. ஆனால் அவ்வரையறை எவரை வெளியே நிறுத்தியது என்பதை நோக்குமிடத்து, அக்கூற்றை அதன் முகப்பெறுமதிக்கு ஏற்றுக்கொள்வது எமக்கு இயலாததாகவே இருக்கிறது. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை.

இதனினும் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. சோல்பரி யாப்பின்படி மாகாணம் ஒவ்வொன்றிற்கும் உரிய ஆசனங்கள் 75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்ற கணக்கிலே பகிரப்பட்டன. அங்கே எண்ணப்பட்டவை தலைகள். கொழுந்து பறித்த கைகளுக்குரியவர்களின் தலைகளும் அவற்றுள் அடங்கும். அவ்வாறு வகுக்கப்பட்ட எல்லைகளை வைத்துக்கொண்டே 1952, 1956 தேர்தல்களும் நடந்தன. ஆசனத்தை உண்டாக்குவதற்கு லயத்து மக்கள் வேண்டும், அந்த ஆசனத்திற்கு ஆளைத் தெரிவு செய்வதற்கு அவர்கள் வேண்டாம் என்பதே இதன் பொருள். வாக்கிழந்தவரின் எண்ணிக்கையினாற் பிறந்த ஆசனத்திலே வாக்குள்ள சிலரின் விருப்பத்தினால் ஒருவர் அமர்ந்த அந்த ஏற்பாட்டை, யாப்பு வல்லுநர் எத்துணை நாகரிகமான பெயரால் அழைப்பினும், அபகரிப்பு என்றே நாம் கொள்கிறோம்.

பின்னர் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பிரஜாவுரிமையற்றிருந்த 9,75,000 மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டு, எஞ்சிய 1,50,000 பேர் பத்தாண்டுகளின் பின்னர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இத்தனை ஆண்டுகளிலும் தோட்ட மக்களின் குரல் சபையில் ஒலித்தது நியமன அங்கத்தவர் வாயிலாகவேயாம்: 1960இலும் 1965இலும் தொண்டமான், 1970இல் ஏ. அஸீஸ்.

இனி அந்த மூன்று வாக்கு. பிரஜாவுரிமை பெற்றோரின் தொகை மெல்ல மெல்ல உயர்ந்துவந்த நிலையில், 1977ஆம் ஆண்டுத் தேர்தலுக்காகத் தொகுதிகளை மறுசீரமைத்த ஆணைக்குழு நுவரெலியாவையும் மஸ்கெலியாவையும் இணைத்து மூன்று அங்கத்தவர்களைக் கொண்ட ஒரே தொகுதியாக்கியது. இத்தகைய தொகுதியில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ஆசனங்களின் எண்ணிக்கைக்குச் சமமான வாக்குகள் உண்டு. அவற்றைப் பிரித்தும் அளிக்கலாம், மூன்றையும் ஒருவருக்கே குவித்தும் அளிக்கலாம். தம் தகப்பனார் மூன்று தீக்குச்சிகளை எடுத்து ஒரே சிமிழுக்குள் போட்டுக் காட்டி இதைத் தமக்கு விளக்கியதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அதனினும் சிறந்த விளக்கம் எம்மிடம் இல்லையாயினும், அந்தத் தீக்குச்சிகளின் கணக்கை மட்டும் இங்கே தருகிறோம்.

நூறு வாக்காளர் உள்ள தொகுதி என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாக்குகள் 300. அவர்களுள் 26 பேர் தம் மூன்று வாக்கையும் ஒரே அபேட்சகருக்கு அளிப்பின் அவருக்கு 78 கிடைக்கும். எஞ்சிய 74 பேரிடம் இருப்பவை 222 வாக்குகள். அவரை மூன்று இடங்களிலிருந்தும் அகற்ற வேண்டுமாயின் அவர்கள் தம் மூன்று அபேட்சகர்களுக்கும் தலைக்கு 79 வாக்காவது ஈட்டித்தரல் வேண்டும், அதற்கு 237 தேவை. அவர்கள் எவ்வகையிற் பங்கிட்டாலும் அது கைகூடாது. ஓரங்கத்தவர் தொகுதியாயின் அதே 26 பேர் ஐம்பது ஆண்டுகள் வாக்களித்தாலும், எதிரே நிற்போர் பிளவுபடாதவரையில், ஒருவரையும் அனுப்ப இயலாது. காற்பங்கிற்குச் சற்றே மேற்பட்ட சமூகம், ஒருமுகப்பட்டு நின்றால், எவருடைய தயவுமின்றித் தன் பிரதிநிதியை அனுப்பலாம் என்பதே இம்முறையின் நுட்பம். சங்கக் கட்டுப்பாட்டிற் பழகிய தோட்டத் தொழிலாளருக்கு இதனினும் பொருத்தமானதொரு முறை இந்நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் அமைந்ததில்லை.

1977 ஜூலையில் நிகழ்ந்ததும் அதுவே. ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க முதலிடமும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க இரண்டாமிடமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தொண்டமான் மூன்றாமிடமும் பெற்று மூவரும் தெரிவாயினர். முப்பது ஆண்டுகளின் பின்னர் மலையகத் தமிழர் ஒருவர் வாக்கினால் பாராளுமன்றம் சென்றது அன்றுதான். நாடெங்கும் எட்டே ஆசனங்களுக்குச் சுருங்கிய சுதந்திரக் கட்சிக்கு அவற்றுள் ஒன்றைத் தந்ததும் இதே தொகுதியே என்பது கவனிக்கத்தக்கது. மகாவலி அமைச்சரும், பின்னாளில் எதிர்க்கட்சித் தலைவரானவரும், தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான மற்றோர் அமைச்சரும் ஒரே தொகுதியின் அங்கத்தவர்களாய் ஏககாலத்தில் வீற்றிருந்தனர்!

இம்மூன்று வாக்கு முறை தோட்ட மக்களுக்கு அளிக்கப்பட்ட வரம் என்று சொல்வோர் உளர். எமக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அவர்களின் வாக்கை ஒரு கூடைக்குள் ஒடுக்கிவிட்டால் அயலிலுள்ள தொகுதிகளுக்கு அவ்வாக்கினால் நெருக்கடி இராது என்ற வசதியும் இரு பெருங்கட்சிகளுக்கும் அதில் இருந்தது. எனினும் கூடைக்குள் இட்ட வாக்கு விரயமாகவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இத்தொகுதியில் இம்முறை ஒரே ஒரு பொதுத் தேர்தலோடு முடிந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. 1982 டிசம்பர் 22இல் நடந்த மக்கள் தீர்ப்பு அப்பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. அடுத்த பொதுத் தேர்தல் 1989இல் நடந்தபோது நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகியவற்றோடு நுவரெலியா மாவட்டத்தின் வெறும் வாக்கெடுப்புப் பிரிவாகிவிட்டிருந்தது. இன்றைய விருப்பு வாக்கு, முதலில் ஒரு கட்சியையோ குழுவையோ தெரிந்து, அதன் பட்டியலுள் மூவர்வரை குறிப்பதற்கே உரியது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இல்லை, கட்சி கடந்தும் இல்லை.

மற்றைய வினாக்களுக்குச் சுருங்கச் சொல்வோம்.

மாவட்டத்தில் எத்தனை ஆசனம்? எட்டு, முதலிடம் பெறும் கட்சிக்கு அவற்றுள் ஒன்று போனஸ்.

2024 நவம்பரில் எவருக்கு எத்தனை? தேசிய மக்கள் சக்திக்கு ஐந்து, ஐக்கிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்திற்கு ஒன்று.

நாடற்றோர் இன்னும் உளரா? எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை அளித்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாகும்.

மூன்று வாக்கு முறை மீளுமா? அதற்குச் சட்டம் எதுவும் இன்று இல்லை.

லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லையே, இடாப்பில் எவ்வாறு பதிவது? தோட்டம், டிவிஷன், லயம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் நேரிற் சென்று கையளியுங்கள். தோட்டத்து ஆபீசுக்கு வரும் தபாலை நம்பிக் காத்திராதீர்கள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று இறுதி நாளுக்கு முன்னரே பாருங்கள்.