தொண்டையில் குத்துவது முள் அல்ல, எலும்பாகவும் இருக்கலாம்!

மீன் சாப்பிட்டுப் பல நாள் ஆகியும் தொண்டையில் முள் சிக்கியது போன்ற உறுத்தல் சிலருக்குப் போவதில்லை. எச்சில் விழுங்கினால் வலி காது வரை பாயும். தலையைத் திருப்பினால் தாடையும் முகமும் வலிக்கும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக் கொண்டவர்களும் உண்டு. பல் போனதே தவிர வலி போகவில்லை.

இத்தகைய வலிக்கு மண்டையோட்டின் அடிப்பகுதியும் ஒரு காரணமாகலாம். அங்கே காதுக்குக் கீழே, இரு பக்கமும் எழுத்தாணி போன்ற மெல்லிய எலும்பு முனை ஒன்று நீண்டிருக்கிறது. இதனை ஸ்டைலாய்டு எலும்பு என்பர். இது பொதுவாக 2.5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். 3 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ, அதனோடு இணைந்த நார் சுண்ணாம்பு படிந்து இறுகினாலோ, பக்கத்திலுள்ள நரம்புகளை அழுத்தக்கூடும். அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் 1937-இல் இதை விளக்கியதால், ‘ஈகிள் நோய்’ என்று பெயர் வந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? காது, மூக்கு, தொண்டை நிபுணர் வாய்க்குள் விரலை விட்டு, டான்சில் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். சாதாரணமாக அங்கே எலும்பு தட்டுப்படாது. தட்டுப்பட்டு, அழுத்தும்போது அதே வலி கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது. அவ்விடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி அடங்கினால் அது இன்னொரு சான்று. எலும்பின் நீளத்தை சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும்.

ஆனால் படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. எலும்பு நீண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வலியும் இருப்பதில்லை. நோயாளி சொல்வதும், விரல் உணர்வதும், படம் காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். பல், தாடை மூட்டு, நரம்புக் கோளாறு, தொண்டைப் புற்றுநோய் ஆகியவை இல்லையென்று உறுதி செய்வதும் அவசியம்.

வலி குறைவாக இருந்தால் மருந்தே போதும். கடுமையானால் நீண்ட பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றுவார்கள்.

மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் தொண்டை வலி, கழுத்துக் கட்டி, குரல் மாற்றம், எச்சிலில் இரத்தம் ஆகியவற்றை அலட்சியப்படுத்தாதீர்கள். தலையைத் திருப்பும்போது மயக்கம் வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீண்ட எலும்பு கழுத்து இரத்தக் குழாயையும் அழுத்தக்கூடும்.

காரணம் தெரியாத வலிக்காகப் பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன், தொண்டை நிபுணரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.