பால் கவரில் அச்சிட்டிருப்பது வாங்குபவருக்காக

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் பாக்கெட் பால் கொல்லிமலைக்கு வருகிறது. ஆலத்தூர் நாட்டுக் கடையில் அதை வாங்கும்போது, “மேல ஏத்திட்டு வர்ற செலவு இருக்குதுங்க, ரெண்டு ரூவா சேத்திக் குடுங்க” என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. “கூலிங் சார்ஜ்” என்று கேட்டாலும் அப்படியே. கவரில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதி. வண்டி வாடகை, குளிர்பெட்டிக்கான மின்சாரம், கடைக்காரரின் லாபம் எல்லாம் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். மலையூர்க் கடைக்குத் தரும் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்றால் கடைக்காரர் அதைப் பால் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். பிள்ளைக்குப் பால் வாங்க வந்த தாயிடம் கேட்பது நியாயம் இல்லை.

பாத்திரத்தில் பால் வாங்கிய காலத்தில் இந்த வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. தூக்குப்போசியோ செம்போ எடுத்துக்கொண்டு மாடு வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால், கறப்பதும் அளப்பதும் கண்ணெதிரே நடக்கும். தண்ணீர் கலந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பால் சில மணி நேரமே தாங்கும். நகரத்தின் தேவைக்கு அது போதவில்லை. மாதவரம் பால்பண்ணை வந்த பிறகு சென்னையில் கண்ணாடிப் பாட்டில் பழக்கமானது. காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்துப் பால் நிரம்பிய பாட்டிலை வாங்கிக்கொண்டு வருவார்கள். பாட்டில் உடையும், கனக்கும், அதைக் கழுவ வெந்நீரும் ஆளும் வேண்டும். ஒளி ஊடுருவும் கண்ணாடியில் வெயில் பட்டால் பாலில் உள்ள பி2 வைட்டமினும் சிதையும். தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981-இல் உருவானது. அந்தப் பத்தாண்டில் பிளாஸ்டிக் கவர் பரவி, பாட்டில் மறைந்தது.

கவர் வந்ததால் பால் மலிவாகவும் சுத்தமாகவும் தொலைதூர ஊர்களுக்குப் போனது. இதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் இரண்டு விஷயங்கள் கைமாறிவிட்டன. பாலைக் கண்ணால் பார்த்து வாங்கும் வசதி போய், கவரில் இருக்கும் எழுத்தை நம்பி வாங்கும் நிலை வந்தது. காலிப் பாத்திரத்தைத் திரும்பப் பெறும் பொறுப்பு விற்பவரிடமிருந்து போய், குப்பையாக வாங்குபவர் வாசலுக்கு வந்தது. எனவே அந்த எழுத்தைப் படிப்பது நம் வேலையாகிவிட்டது. படிப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

அரை லிட்டர் கவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். விலையும் அளவும் எளிதில் கண்ணில் படும். அளவில் ஐயம் இருந்தால் வீட்டில் அளந்து பார்க்கலாம். 500 மில்லி பாக்கெட் ஒன்றில் 15 மில்லி வரையிலான வித்தியாசத்தை விதி பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம். அடுத்து, 14 இலக்க உரிம எண். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரைக்குக் கீழே இருக்கும். அந்த எண் இல்லாத பாலை வாங்கவே வேண்டாம். அதன் பிறகு கொழுப்பு அளவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆவினில் நீலக் கவர் சமன்படுத்திய பால், கொழுப்பு 3 சதவீதம். பச்சைக் கவர் 4.5, ஆரஞ்சு 6. ஆனால் கவரின் நிறத்தை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் பச்சைக் கவரில் வேறு பால் இருக்கலாம். நிறத்தை நம்பாமல் எண்ணைப் படித்தால் எந்தப் பாலுக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேதி. கவர் பால் பெரும்பாலும் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர்விக்கப்பட்டது. நோய்க் கிருமிகள் அதில் சாகும், எல்லா நுண்ணுயிர்களும் சாவதில்லை. சுமார் 5 டிகிரிக்குக் கீழே வைத்தால்தான் அச்சிட்ட தேதி வரை அந்தப் பால் தாங்கும். சாதாரண வண்டியில், தார்ப்பாய்க்கு அடியில், வளைவு வளைவாக ஏறி, இறக்கிய இடத்தில் வெயில் ஏறும்வரை கிடந்தால் தேதி இருந்தும் பயனில்லை. கொல்லிமலையின் குளிர்ச்சி நமக்கு இதம்தான், பாலுக்கு அந்தக் குளிர் போதாது. கவர் உப்பியிருந்தால் உள்ளே நுண்ணுயிர் பெருகி வாயு உண்டாகியிருக்கிறது என்று பொருள். மேல் விளிம்பின் ஒட்டுப் பகுதியை விரலால் நீவினால் ஈரம் படக் கூடாது. உப்பியதையும் கசிவதையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பயன்படுத்த வேண்டிய கடைசி நாள் கடந்த பாலை விற்பது சட்ட விரோதம். “காய்ச்சினா சரியாயிரும்” என்று சொன்னால் நம்பாதீர்கள்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு அட்டைப்பெட்டிப் பால் உதவும். 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, காகிதம், பிளாஸ்டிக், அலுமினியத் தாள் என்று அடுக்கடுக்கான பெட்டியில் காற்றுப் புகாமல் அடைப்பதால் பிரிக்காதவரை மாதக்கணக்கில் கெடாது. பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், குளிரில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். இந்தப் பாலுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. கவர் பாலுக்கு அந்த வரி எப்போதுமே இல்லை. “வரி ஏத்திட்டாங்க” என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் தடை பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. பால், தயிர் அடைக்கும் நிறுவனக் கவருக்கு விலக்கு கிடைத்தது. கடையில் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி நூல் கட்டித் தரும் மெல்லிய பைக்கு அந்த விலக்கு கிடையாது. அந்தப் பை சூடான உணவுக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. சூட்டில் பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள்கள் டீயில் இறங்கும். காட்டு வேலைக்கு டீ வாங்கிப் போகிறவர்கள் தூக்குப்போசியைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. அதேபோல, பெயிண்ட் இருந்த வாளியைக் கழுவி அதில் பால் ஊற்றி வருவதை எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கான பாத்திரம் ஆகாது.

காலிக் கவரால் வரும் கேடு மலையில் இன்னும் பெரிது. பாலின் வாசம் ஒட்டியிருக்கும் கவரை மேயப் போன மாடு விழுங்கிவிடும். பிளாஸ்டிக் செரிக்காது, சாணத்தோடு வெளியேறுவதும் அரிது. முதல் இரைப்பையில் கயிறும் கவருமாகச் சுருண்டு தங்கும். மாடு தீவனம் எடுக்காது, அசை போடாது, வயிறு உப்பும், பால் வற்றும். ஆந்திராவின் புட்டபர்த்தியில் இயங்கும் கருணா சொசைட்டி, மாடுகளின் வயிற்றிலிருந்து அறுவை சிகிச்சை செய்து எடுத்த பிளாஸ்டிக்கை ஆதாரமாகக் காட்டி 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பால் தரும் மாட்டைப் பால் கவரே கொல்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மாடு இப்படிச் சுணங்கினால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. கவரின் மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல், துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி சிறு கீறல் போடுங்கள். வெட்டி விழும் அந்த முக்கோணத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. காலிக் கவரை ஒரு முறை அலசிக் காயவைத்தால் வாடை போகும், மறுசுழற்சிக்கும் உதவும். பால் கவர் தரமான பாலித்தீன், சுத்தமாக இருந்தால் பழைய பொருள் வாங்குபவரும் எடுப்பார். எரிக்கவோ ஓடையில் வீசவோ வேண்டாம்.

புகார் என்றதும் நாமக்கல் வரை இறங்கி ஏற வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். பால் கெட்டிருந்தாலோ கலப்படம் என்று தோன்றினாலோ, உரிம எண்ணும் தேதியும் தெரியும்படி கவரைப் படம் எடுத்து, 94440 42322 என்ற உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. விலை கூடுதலாகக் கேட்டாலும் அளவு குறைந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அச்சிட்ட விலையை மீறுவதைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவும் விசாரிக்கும். வாங்கிய பாலைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 40, நமக்குத் தருகிறது. குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உடல்நலம் கெட்டு நஷ்டம் ஏற்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், சந்தைக்கு அனுப்பிய கவரைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மேல் வைக்கின்றன. மகாராஷ்டிரம் 2018-இல் ஒரு பால் கவருக்கு 50 காசு திருப்பித் தரும் திட்டத்தையே அறிவித்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஆலத்தூர் நாடு ஊராட்சியின் அடுத்த கூட்டத்தில், தூய்மைக் காவலர்கள் பால் கவரைத் தனியாகச் சேகரிக்கவும், சேர்ந்ததை எடுத்துப் போகும்படி பால் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதவும் தீர்மானம் கேளுங்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.