72 மணி நேரம்!

பொழுது புலருமுன் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்படுகிறாரே, அவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். பீடி சுற்றும் முக்கூடலாக இருக்கட்டும், நெல்லை நகரமாகவே இருக்கட்டும், குப்பைக்குள் கழிவு இலை மட்டுமா கிடக்கிறது? எவரோ வீசிய ஊசியும் கிடக்கிறது. கையுறை இல்லாத கையில் சுருக்கென்று தைக்கிறது. விரலை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்; சுண்ணாம்பு தடவுகிறார்; அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். மேஸ்திரியிடம் சொன்னால் அரைநாள் கூலி போய்விடுமே என்ற அச்சம்!

உறிஞ்சவும் கூடாது, பிதுக்கவும் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏன் இந்த அவசரம்? எச்.ஐ.வி. கிருமி, குத்திய இடத்திலிருந்து பரவி உடலில் காலூன்றச் சிறிது காலம் பிடிக்கிறது. அதற்குள் மருந்து உள்ளே போனால் கிருமி பெருகாது. இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை விழுங்குவது சிறப்பு. 72 மணி நேரம் கடந்துவிட்டாலோ, பலன் எதிர்பார்ப்பதற்கில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளுக்கு ஒன்றாக 28 நாள். நடுவில் நிறுத்தக் கூடாது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தக் கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தபோது, தடுக்க மருந்தில்லை. இன்று அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது. கிடைத்தும் என்ன, கேட்கத் தெரிய வேண்டாமா?

பீதி கிளப்ப எழுதவில்லை. நோயுள்ளவர் இரத்தம் பட்ட ஊசி 1000 முறை குத்தினால் ஏறத்தாழ 3 முறைதான் தொற்றும். குப்பையில் காய்ந்த ஊசியென்றால் அதனினும் குறைவு. (ஹெபடைடிஸ் பி கிருமிதான் இதைவிட எளிதில் தொற்றும், அதற்குத் தடுப்பூசி உண்டு.) மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், மேஸ்திரி அல்ல!

இது எவருடைய தயவும் அல்ல. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பிலிருக்கிறது. தொழிலால் தொற்றும் அபாயம் மிகுந்த நிறுவனங்கள், அங்கே வேலை செய்யும் அனைவருக்கும் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் இந்த மருந்தும் தந்தாக வேண்டும் என்கிறது அது. குப்பை அள்ளுவது அத்தகைய வேலை அல்லவென்று வாதாடுவோர், ஒருநாள் வெறுங்கையால் அள்ளிப் பார்க்கட்டும்! ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதையும் நாம் ஏற்பதற்கில்லை.

வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் இதே மருந்து, இதே கெடு. வெட்கம் தின்றுவிடும் மணிகள் திரும்பி வாரா. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஐயம் கேட்க 1097 என்ற எண், கட்டணமில்லை. சங்கத் தோழர்கள் அந்த எண்ணைக் குப்பை வண்டியின் பக்கப் பலகையிலேயே எழுதி வைக்கலாம்.