துரை கொடுத்த மணிக்கூடு

கண்டியில் விலைக்கு வரும் பழைய கைக்கடிகாரம் தனியே வருவதில்லை. கூடவே ஒரு கதையும் வரும். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்தது, பாட்டனார் பேராதனைப் படைமுகாமில் வேலை பார்த்தபோது கிடைத்தது என்று ஏதாவது ஒன்று. சில கதைகள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்கும் விலை கதைக்கா, கடிகாரத்துக்கா?

பேராதனைக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். ஆகவே இந்த வட்டாரத்தில் இராணுவக் கடிகாரம் ஒன்று தலைகாட்டினால் வியப்பதற்கில்லை. சேகரிப்பாளர்கள் விரட்டி விரட்டித் தேடுவது, ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐ.டபிள்யூ.சி. உள்ளிட்ட 12 நிறுவனங்கள் பிரித்தானியப் படைக்குச் செய்துகொடுத்த கறுப்பு டயல் கடிகாரங்களை. பின்மூடியில் டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து மூன்று முறையும், அரசாங்கச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறியும் இருக்கும். ஆனால் அவை படையின் கைக்குப் போனது பெரும்பாலும் 1945இல். “44இல் மவுண்ட்பேட்டன் கந்தோரில் கொடுத்தது” என்று ஒருவர் அதை நீட்டினால், கடிகாரம் அசலாக இருக்கலாம். கதை அநேகமாக அசல் இல்லை.

கதையைத் தாண்டினால் அடுத்தது டயல். பணமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயோர்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அந்தத் தொகையில் பெரும்பங்கு நடிகரின் பெயருக்கு என்பது உண்மை. ஆனால் அதே மாடலில், அவர் கட்டியிருந்த வகை டயல் உள்ளதற்கும் சாதாரண டயல் உள்ளதற்கும் இன்றுவரை விலையில் மலையளவு வித்தியாசம். போலி டயல் செய்பவர்களுக்கு வேறு தூண்டுதல் தேவையா?

கண்டியில் பிரச்சினை பெரும்பாலும் போலி அல்ல, புதுப்பிப்பு. மலைநாட்டு ஈரம் கண்ணாடிக்குள் புகுந்து டயலில் புள்ளி விழுத்தும். உரிமையாளர் முகம் சுளிப்பார். பழுதுபார்ப்பவர் டயலுக்குப் புதிதாக மை பூசி, எழுத்துகளை மறுபடி அச்சிட்டுக் கொடுப்பார். அந்தக் காலத்தில் அது நல்ல வேலை, யாரையும் ஏமாற்றும் எண்ணமும் இல்லை. இன்று அதே டயல்தான் விலையைக் கீழே இழுக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் தெரிந்துவிடும்: எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் எண்களோடு நேர்படாது, அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அறுபது வயதுக் கடிகாரத்தின் முகம் நேற்று அச்சடித்ததுபோல் பளபளத்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். மாறாக, வெயிலில் கறுப்பு மங்கிச் சீராகப் பழுப்பேறிய டயலுக்கு உலகச் சந்தையில் கூடுதல் மதிப்பு உண்டு. அதற்காக டயலை அடுப்பில் வாட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு.

இருட்டில் ஒளிரும் பூச்சும் வயதைக் காட்டிக்கொடுக்கும். முன்பு ரேடியம் பூசினார்கள். 1960களில் ட்ரிட்டியத்துக்கு மாறினார்கள். ட்ரிட்டியத்தின் கதிர்வீச்சு ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். எனவே 1965ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று காட்டப்படுவது, டோர்ச் அடித்த பிறகு மணிக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தால், பூச்சு பிந்திய காலத்தது. ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டுகள்: ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது. அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகக்கூடாது என்பதால் வீட்டு மேசையில் திறந்து பார்ப்பது ஆபத்து. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மேலே சொன்ன இராணுவக் கடிகாரங்கள் பலவற்றில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சே பின்னாளில் ரேடியம் டயலைக் கழற்றி, வட்டத்துக்குள் ‘டி’ எழுத்திட்ட ட்ரிட்டிய டயலை மாட்டியது. அதை அசல் என்பதா, மாற்று என்பதா? சேகரிப்பாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கடிகாரத்தின் வரலாற்றில் அதுவும் சேர்த்தி என்று ஏற்றுக்கொள்வதே நியாயமாகப் படுகிறது. முதல் டயலின் விலையை மட்டும் கேட்கக்கூடாது.

இனி இலக்கங்கள். பழைய ரோலெக்ஸில் வாரைக் கழற்றினால் உடலின் ஒரு முனையில் மாடல் எண்ணும் மறுமுனையில் தொடர் எண்ணும் தெரியும். ஒமேகாவில் எண் மெஷினிலேயே இருக்கும். லாஞ்சின்ஸ் பழைய விற்பனைப் பேரேடுகளைக் காத்துவைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் அந்த மெஷின் எப்போது, யாருக்கு விற்கப்பட்டது என்று பார்த்துச் சொல்லும்.

பேரேடும் முழுக் காப்பு அல்ல: மெஷினின் எண் சரியாக இருந்தாலும் மற்றப் பாகங்கள் வேறு கடிகாரத்திலிருந்து வந்திருக்கலாம். 2021இல் ஜெனீவாவில் ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக. வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து உருவாக்கிய கலவை அது என்று 2023இல் அம்பலமானது. நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் பங்கிருந்ததாக ஒமேகாவே அறிவித்தது.

கண்டியில் வாங்குபவருக்கு அருங்காட்சியகமும் இல்லை, ஏலக்கடையும் இல்லை. நம்பிக்கையான பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லலாம். வாங்கிய பிறகு சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்: உடலைப் பொலிஷ் பண்ண வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், மாற்றும் பழைய முள்ளையும் சாவிக் குமிழையும் கடித உறையில் போட்டுத் திருப்பித் தாருங்கள் என்று.