செலவும் பயணமும் யாத்திரையும்: ஒரு சொற்பொருள் நோக்கு

திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் பொன்முடி மலை அமைந்துள்ளது. கல்லாற்றிலிருந்து ஏறும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்கின்றது. இம்மலைக்குச் சென்று வருவதை மலையாளத்தார் 'யாத்ர' என்பர். தமிழர் 'பயணம்' என்பர். இரு மொழியிலும் வழங்கும் 'செலவு' என்னும் பழஞ்சொல்லோ இன்று இரண்டிலும் பணம் கழிவதையே குறிக்கின்றது. செல்லுதலைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்க வந்தமையும், அதன் இடத்தைப் பிற சொற்கள் பெற்றமையும் இங்கு ஆராயப்படுகின்றன.

செலவு

'செல்' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர் செலவு. தொல்காப்பியக் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கையும் ஒருங்கு வைத்து இடவரையறை செய்கின்றது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. எனவே, பேசுவோனையும் கேட்போனையும் விட்டு அகலும் இயக்கமே செலவு எனக் கொள்ளலாம்.

சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள்வயிற் பிரிந்து சுரம் கடத்தல் செலவு எனப்பட்டது. புறப்படக் கருதியவன் தலைவியின் வருத்தம் கண்டு தயங்குதல் 'செலவழுங்குதல்' என்னும் துறையாகும். அத்தயக்கம் போகாமலே நின்றுவிடுதல் அன்று. தலைவியைத் தேற்றிய பின் செல்லுதற்பொருட்டே என்று தொல்காப்பியக் கற்பியல் விளக்குகின்றது.

கணக்கு வழக்கில் 'வரவு செலவு' என்னும் இணை நிலைபெற்றது. நம்மிடம் வருவது வரவு. நம்மை விட்டுச் செல்வது செலவு. இலக்கண நூல் காட்டிய திசைப்பொருள் இங்கும் மாறவில்லை. ஆள் செல்வதற்கு மாறாகப் பணம் செல்கின்றது என்பதே வேறுபாடு.

பயணம்

'பிரயாணம்' என்னும் வடசொல் பிராகிருத வழியே 'பயணம்' எனத் தமிழில் வழங்கலாயிற்று என்பது அகராதியாளர் பலரின் கருத்து. இன்று செல்லுதற்பொருளில் பொதுச்சொல்லாக நிற்பது இதுவே. பயணி, பயணச்சீட்டு, பயணப்படி எனப் பல ஆக்கங்கள் இதனடியாகத் தோன்றியுள்ளன. 'பயணச் செலவு' என்னும் தொடர் கருதத்தக்கது. பழம்பொருள் நோக்கின் இதன் இரு உறுப்புகளும் ஒருபொருளனவே. மலையாளத்தின் 'யாத்ராச்செலவு' என்பதும் இத்தகையதே. செலவு தன் முதற்பொருளை இழந்தபின்னரே இத்தொடர்கள் பொருளுடையன ஆயின.

யாத்திரை

இச்சொல்லில்தான் இரு மொழிகளும் பிரிகின்றன. மலையாளத்தில் 'யாத்ர' எவ்வகைப் பயணத்திற்கும் பொது. பேருந்தில் செல்வோன் 'யாத்ரக்காரன்', இன்பச் சுற்றுலா 'விநோதயாத்ர', பிரிவுபசாரம் 'யாத்ரயயப்பு'. தமிழிலோ இச்சொல்லின் பொருள் பெரும்பாலும் சுருங்கியுள்ளது. தலயாத்திரை, காசியாத்திரை, பாதயாத்திரை, இறுதி யாத்திரை என்பவற்றில் புனிதமோ, நோன்போ, மீளாமையோ உடன்நிற்கின்றது.

பொன்முடியும், அதே மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடமும் இதனை விளக்குவன. தமிழ் வழக்கில் பொன்முடிக்குச் செல்வது சுற்றுலா. அகத்திய முனிவரை வழிபட அகத்தியர்கூடம் ஏறுவது யாத்திரை. மலையாளத்தில் இரண்டும் 'யாத்ர'வே. வேறுபாட்டை அடைமொழியே உணர்த்தும். 'பொன்முடி யாத்ர' என்பதனைப் 'பொன்முடி யாத்திரை' எனப் பெயர்த்தால், தமிழ் வாசகர் மலைமேல் கோயிலைத் தேடுவர். எழுத்தொப்புமை இங்குப் பொருளொப்புமை ஆகாது.

முடிவுரை

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. எல்லை பிரிந்த பின்னும் இரு புறத்தும் இரு மொழியும் அறிந்தோர் வாழ்கின்றனர். பாடநூல், அறிவிப்பு, அலுவலக மடல் ஆகியன அவர்களுக்காக மொழிபெயர்க்கப்படும்போது, ஒத்த வடிவச் சொற்களே பிழைக்கு மிகுதியும் இடமாகின்றன. அகராதிகள் ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் தருவதோடு அமையாமல், அச்சொல் எவ்வெச்சொல்லோடு சேர்ந்து எப்பொருள் தரும் என்பதனையும் காட்டுதல் வேண்டும். அவ்வாறு காட்டினால் 'யாத்ரயயப்பு' வழியனுப்பு விழாவாகவும், 'யாத்ரக்காரன்' பயணியாகவும் பிழையின்றித் தமிழுக்கு வந்து சேரும்.