பழைய கச்சேரி கேசட்டில் இரைச்சலை நீக்கினால் தம்புராவும் போய்விடுமா? ஒலிப்பதிவுகள் மீட்கப்படுவது எப்படி?

செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கம் பழைய வீடுகளில் பரணை ஒதுங்க வைத்தால், ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகள் கிடைப்பது புதிதல்ல. கோவில் உற்சவத்தில் நடந்த நாகஸ்வரக் கச்சேரி, சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தாத்தா பதிவு செய்த பாட்டுக் கச்சேரி என எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பிளேயரில் போட்டால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் 'ங்ங்' என்ற ரீங்காரமும்தான் முதலில் கேட்கும்.

இதைச் சரி செய்ய முடியுமா? முடியும். ஆனால் தப்பாகச் செய்தால், இரைச்சலோடு சேர்ந்து சங்கீதமும் போய்விடும். எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

வீட்டு கேசட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம்தான் இடம். ராக ஆலாபனை, நிரவல், தனி ஆவர்த்தனம் எல்லாம் அதில் அடங்காது. மூன்று, நான்கு மணி நேரம் நீண்ட கச்சேரி எப்படி இருந்தது என்று தெரிய, நேரடிப் பதிவைத்தான் கேட்க வேண்டும்.

ஜி.என்.பாலசுப்ரமணியம் 1965-லும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-லும், மதுரை மணி ஐயர் 1968-லும் காலமானார்கள். அவர்களுடைய முழுக் கச்சேரிகளை இன்று நாம் கேட்கிறோம் என்றால், அதற்கு வானொலிப் பதிவுகளும், ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் எடுத்து வைத்த பதிவுகளும்தான் காரணம். சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளை டிஜிட்டலில் கேட்க தனி ஆவணக் காப்பகமே இருக்கிறது. அதனால் உங்க வீட்டுப் பரணில் இருப்பது, வேறு எங்கேயும் இல்லாத ஒரே பிரதியாகக்கூட இருக்கலாம்.

டேப் ஏன் கெட்டுப்போகிறது?

டேப் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒரு வகைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஒலி பதிவாவது அந்தத் துகள்களின் காந்தத்தில்.

காற்றில் உள்ள ஈரத்தை இந்தப் பசை உறிஞ்சும். காலப்போக்கில் இளகி, டேப் பிசுபிசுவென ஒட்ட ஆரம்பிக்கும். வெள்ளைப் பூஞ்சையும் பிடிக்கும். காந்த நாடாக்களை 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் வைப்பது நல்லது என்பார்கள். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் மாதிரி கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். உப்புக்காற்று பழைய பிளேயரின் உலோகப் பாகங்களையும் விட்டுவைப்பதில்லை.

இன்னும் பழைய ஸ்பூல்கள் சிலவற்றில் நாடா அசிடேட்டால் ஆனது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால், அந்த நாடா சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை!

சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம். டேப்பிலிருந்து ஒலியை எவ்வளவு நல்லா வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி.

ஒரே கச்சேரிக்கு நான்கு பிரதிகள் இருந்தால், ரொம்பப் பழைய பிரதியைத் தேடணும். காப்பிக்கு காப்பி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், நுணுக்கம் குறையும்.

அடுத்தது பிளேயரின் ஹெட். பதிவு செய்த மெஷினின் ஹெட் இருந்த கோணமும், இப்போது ஓட்டும் மெஷினின் கோணமும் கொஞ்சம் மாறினாலும் ஒலி மங்கிவிடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி சரி செய்தால், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருந்த குரல் தெளிவாகும். எந்த சாஃப்ட்வேரும் தராத தெளிவு அது.

கச்சேரி வேகமா ஓடுதா? கண்டுபிடிப்பது எப்படி?

பழைய மெஷின்கள் சரியான வேகத்தில் ஓடியதில்லை. வேகம் மாறினால் சுருதியும் மாறும். சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவது போலக் கேட்கும். 3 மணி நேரக் கச்சேரி 2 மணி 50 நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இதில் கர்நாடக இசைக்கு ஒரு வசதி உண்டு. கச்சேரி முழுக்கத் தம்புரா அல்லது சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாடகர் வழக்கமாக எந்தச் சுருதியில் பாடுவார் என்று தெரிந்தால், டேப்பின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இன்னொரு துப்பு, நாம் வெறுக்கிற அந்த 'ங்ங்' ரீங்காரம். அது கரன்ட் சப்ளையிலிருந்து வருவது. நம் நாட்டில் அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அது 53 ஹெர்ட்ஸாகக் கேட்டால், டேப் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று ஊகிக்கலாம். அந்தக் காலத்தில் சப்ளையும் துல்லியமாக 50-ல் நிற்கவில்லை என்பதால், இரண்டு துப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் வேகத்தைச் சரி செய்யும்வரை ரீங்காரத்தை நீக்காமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

இரைச்சலை நீக்கும்போது என்ன ஆபத்து?

யாரும் பாடாத, வாசிக்காத ஒரு துண்டை எடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று சாஃப்ட்வேருக்குக் காட்டுவார்கள். அது அந்த ஒலியை முழுக் கச்சேரியிலிருந்தும் கழிக்கும்.

சிக்கல் இங்கேதான். கச்சேரியில் பாட்டு நின்றாலும் தம்புரா நிற்காது. அந்த நாதமும் இரைச்சல் கணக்கில் சேர்ந்தால், கச்சேரிக்கு ஆதாரமே போய்விடும்.

ரீங்காரத்தை நீக்குவதிலும் இதே கதைதான். 50-ன் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸிலும் அது ஒலிக்கும். இரண்டு கட்டை சுருதியில் ஆதார ஸட்ஜம் சுமார் 147 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் சுமார் 196. அதாவது 150-ஐயும் 200-ஐயும் அகலமாக வெட்டினால், பாடகரின் ஸட்ஜத்தையே வெட்டியதாகிவிடும். ரொம்பக் குறுகலாக, சுருதியைப் பார்த்து வெட்டணும்.

'டிக் டிக்' சத்தத்தை நீக்கும் கருவி, மிருதங்கத்தின் கூர்மையான சாப்புச் சொல்லையும் கோளாறு என நினைத்து மழுக்கிவிடும். சுருதி அசைவைச் சமன் செய்யும் கருவியோ கமகத்தைத் தட்டையாக்கிவிடும்.

மாமல்லபுரம் நாட்டிய விழா மாதிரி திறந்தவெளியில் எடுத்த பதிவுகளில் கடல்காற்று மைக்கில் மோதி 'தடதட' எனக் கேட்கும். இது பெரும்பாலும் தாழ்ந்த ஒலி. அடிமட்ட ஒலிகளைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். ரொம்பக் குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பி நாதமும் மெலிந்துவிடும்.

ஏ.ஐ. எல்லாத்தையும் சரி பண்ணிடுமா?

பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' பாடல் 2023 நவம்பரில் வெளியானது. ஜான் லெனன் 1970-களின் கடைசியில் வீட்டிலேயே கேசட்டில் பாடிவைத்தது. 1990-களில் அதை முடிக்க முயன்றபோது, டேப்பில் இருந்த ரீங்காரமும் ஒரு தடையாக இருந்தது. பிறகு ஏ.ஐ. மூலம் குரலைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள்.

நம்ம கச்சேரிக்கு இது அவ்வளவு சுலபம் இல்லை. இந்த வகை மென்பொருள்கள் பெரும்பாலும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை எனப் பிரிக்க மேற்கத்திய பாப் பாடல்களில் பயிற்சி பெற்றவை. இங்கே வயலின், பாடகரின் குரலை நிழல் போலத் தொடரும். இரண்டையும் பிரிப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, மேடையில் ஒவ்வொருவர் மைக்கிலும் மற்றவர் ஒலி கசிந்து விழும்.

ஸ்பெயினின் பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கென்றே வேலை செய்கிறார்கள். சேவியர் செர்ரா தலைமையிலான அவர்களது 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கெடுத்தது. அப்படிக் கசிவுள்ள கச்சேரிப் பதிவுகளை வைத்தே குரலைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையை 2023-ல் அந்தப் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது.

உங்க வீட்டில் டேப் இருந்தா என்ன செய்யணும்?

▪ பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே ஓட்டாதீங்க. பிளேயரும் கெடும், அடுத்த டேப்புக்கும் பரவும்.

▪ ஒட்டிக்கொண்ட டேப்பை மிதமான சூட்டில் வைத்து மீட்கும் முறை உண்டு. எல்லா டேப்புக்கும் அது பொருந்தாது, அசிடேட் நாடா பாழாகிவிடும். நிபுணரிடம் விடுங்க. வீட்டு அவன், வெயில் இரண்டும் வேண்டாம்.

▪ எம்.பி.3 வேண்டாம், வேவ் ஃபைலாக எடுங்க. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர மோனோ பதிவுக்கு சுமார் 1 ஜி.பி.தான் ஆகும்.

▪ சுத்தம் செய்யாத முதல் பதிவைத் தொடாமல் வையுங்க. இன்னொரு பிரதியில் மட்டும் வேலை செய்யுங்க. நாளைக்கு நல்ல கருவி வந்தால் மறுபடி ஆரம்பிக்க அதுதான் கைகொடுக்கும்.

▪ 'பலே', 'சபாஷ்', கைதட்டல் எல்லாம் இருக்கட்டும். எந்த இடத்தில் ரசிகர்கள் உருகினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

▪ ஊர், சபா, தேதி, பக்கவாத்தியக்காரர்கள் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்க.

▪ யூடியூபில் போடும் முன் கலைஞரின் குடும்பத்திடம் கேளுங்க. நம் சட்டப்படி நிகழ்த்திய கலைஞருக்கான உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். பாடலை இயற்றியவரின் உரிமை தனி.

ஏன் இப்போதே?

டேப்பை விட, அதை ஓட்டும் மெஷின்தான் இப்போது அரிது. உதிரி பாகமும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2025 வாக்கில் காந்த நாடாக்களை ஓட்டுவதே கடினமாகிவிடும் என்ற கணிப்பைச் சொல்லி, யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019-லேயே எச்சரித்தன. அந்தக் கெடு வந்துவிட்டது. இரைச்சலைப் பத்து வருஷம் கழித்துக்கூட நீக்கிக்கொள்ளலாம். டேப்பிலிருந்து ஒலியை எடுத்து வைக்கும் வேலையை அடுத்த மழைக்காலத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.