ஏட்டை நீட்டும் நிரல்

கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அச்சேற்றுமுன்னர், ஏடுடையார் மனமிரங்கினாலன்றி அந்நூலைக் காண்டல் அரிதாயிருந்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலே சுவிற்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமோ, பழநூல்களை இணையவழி எவரும் விலையின்றிப் பெறச் செய்தது. ஈழத்து நூல்களுக்கு 2005இல் நூலகத் திட்டம் தோன்றியது.

எனினும் அச்சேறாதவை என்னாவது? வட்டக்கச்சி முதியோர் நாவில் அருவிவெட்டுப் பாடல்கள் சில இன்னும் வாழ்கின்றன. 2009இல் என் நூற்பெட்டியைக் கைவிட்டு நடந்தவன் நான். ஒரே படி வைத்திருப்பதன் கேட்டை நன்கறிவேன். ஆகவே மாணவர் அப்பாடல்களைக் கணினியில் வெற்றெழுத்துக் கோப்புகளாகத் தட்டெழுதினர். அவற்றை ஊருக்கு வழங்கவும் ஒரு நிரல் வேண்டியிருந்தது.

வேலை எளிது. பைதன் என்னும் நிரல்மொழியிலே இதற்கென ஒரு கருவி உண்டு. கோப்புறையில் நின்று ஒருவரிக் கட்டளையிட்டால் பழைய கணினியும் வழங்கியாகிவிடும். அதே வைஃபையிலுள்ளோர் கணினியின் எண்முகவரியையும், பின்னே 8000 என்னும் வாயிலெண்ணையும் கைப்பேசியில் இட்டால் கோப்புகளின் பட்டியல் விரியும். இதற்கு இணைய இணைப்பும் வேண்டா. ஆயின் இக்கருவி வீட்டு முற்றத்துக்கே ஏற்றது. உலகெங்கும் திறந்துவிடக் காவல் மிக்க வேறு வழங்கி வேண்டும்.

இடர் வந்தது எழுத்திலேதான். கோப்பு இன்ன குறிமுறையில் உள்ளது என்று வழங்கி சொல்லாவிடின், உலாவி அதனை ஐரோப்பிய எழுத்தென்று கொள்ளவுங்கூடும். யூரிஎவ்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று. அம்மூன்றும் மூன்று அயலெழுத்துகளாய்ச் சிதறித் திரை நிறையும்! ‘இது வெற்றெழுத்து, குறிமுறை யூரிஎவ்-8’ என்று முன்னறிவிக்கும் வரியொன்றை நிரலிற் சேர்த்தவுடன் தமிழ் தமிழாயிற்று.

இங்கே இலக்கணம் பயின்றோர் நகைத்தற்குரிய செய்தியொன்று. நமக்கு ‘க்’ முதல். அகரம் ஏறியே ‘க’ ஆகும். ஒருங்குறியிலோ ‘க’ முதல். புள்ளி பெற்றே ‘க்’ ஆகிறது. தொல்காப்பியர் இதனை ஒப்புவாரோ, அறியேன். சிக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை: 1330 குறளும் அரை மெகாபைற்றுள் அடங்கும்.

கோப்பின் தலையிலே பாடியவர் பெயர், தட்டெழுதியவர் பெயர், நாள், அடியிலே பாடவேறுபாடு. படிகள் ஐந்து வீடுகளில். பாடலிற் கைவைக்கலாகாது என்பது நான் இட்ட விதி. “ஐயா, சந்திப் பிழையையாவது திருத்தலாமா?” என்றனர் மாணவர். அதற்கும் நான் இசையவில்லை.